எல்லையில் பத்து மணி

வாலங்காரா, குயின்ஸ்லாந்து
4 ஆகஸ்ட் 2021

அன்புள்ள ஐரிஸ்,

ஞாயிற்றுக்கிழமை பேச்சின் நடுவில் தொலைபேசி நின்றுபோனது. இணைப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்து மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் நீயே வைத்துவிட்டாய் என்று புரிந்தது.

கொரோனாவுக்காக மாநில எல்லையை மூடாமல் இருந்திருந்தால் காரை எடுத்துக்கொண்டு வந்து உன் சமையலறையில் உட்கார்ந்து கேட்டிருப்பேன். பதினெட்டு கிலோமீட்டர்தான். இப்போது உன் பக்கம் நியூ சவுத் வேல்ஸ், என் பக்கம் குயின்ஸ்லாந்து; நடுவில் போலீஸ். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நான் கொஞ்சம் தெளிவாக இருப்பேன் என்பது உனக்குத் தெரியும். அஞ்சலகத்துப் பெண் உறையை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். "ஐயா, இது மொதல்ல பிரிஸ்பேன் போகும், அப்புறம் சிட்னி போகும், அப்புறந்தான் டென்டர்ஃபீல்டு வரும். நீங்க நடந்தே போயிரலாம், நடக்க விட்டா."

உன் கோபத்துக்குக் காரணம் வார இதழில் வந்த என் கடிதம் என்று ஊகிக்கிறேன். தவறாகவும் இருக்கலாம். நாற்பது வருடம் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தேன். ஆசிரியர் கூட்டத்தில் ஒருமுறைகூடக் கையைத் தூக்கியதில்லை. எழுபத்தெட்டு வயதில் முதல் முறையாக ஊர் பார்க்க ஒரு கருத்தைச் சொன்னேன். ஐந்து முறை திருத்தி எழுதியது. நீ கிழித்துப் போட்டிருக்கலாம் என்பதால் முக்கியமான பகுதியை இங்கே எழுதுகிறேன்:

"எல்லையில் நிறுத்தப்படும் ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயமான காரணம் இருக்கும். நியாயமான காரணங்களுக்கெல்லாம் வழி விட்டுக்கொண்டே போனால், கடைசியில் நோய்க்கும் வழி விட்டிருப்போம். விதிவிலக்கு கேட்காமல் இருப்பவரே இன்று நல்ல அண்டை வீட்டார்."

இதில் உன்னைப் புண்படுத்தும் எதுவும் இல்லையே என்று பல முறை படித்துப் பார்த்துவிட்டேன். ரொட்டிக் கடையில் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று மாலையே யாரோ என் தபால் பெட்டியில் முட்டையை உடைத்து ஊற்றிவிட்டார்கள். இரண்டுக்கும் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ரெக்கிடம் சொல்: ஜூலை மாத மழை இங்கே முப்பத்தெட்டு மில்லிமீட்டர். அவனுடைய கணக்கை அனுப்பச் சொல். முப்பத்தொரு வருடமாக ஒரு நாள் விடாமல், காலை ஒன்பது மணிக்கு அவன் அங்கே மழைமானியைப் பார்க்கிறான், நான் இங்கே பார்க்கிறேன். இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் ஒப்பிட முடியும் என்பது உன் கணவன் போட்ட நிபந்தனை. எல்லைச் சண்டையில் அது விட்டுப்போகக் கூடாது.

அன்புடன்,
நெவில்


டென்டர்ஃபீல்டு
15 ஆகஸ்ட்

அண்ணா,

உன் கடிதம் ஒன்பது நாள் கழித்து வந்தது. நல்லதாயிற்று. முன்பே வந்திருந்தால் நானும் ஒரு முட்டையோடு வந்திருப்பேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஜூன் மாதத்திலிருந்து ரெக்குக்கு வயிற்றில் கட்டி. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். "சொன்னா அவன் அட்டவணை போட ஆரம்பிச்சிருவான். வாரத்துக்கு ஒரு அட்டவணை வரும்" என்றார். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி டூவூம்பாவில் அறுவை சிகிச்சை என்று முடிவாகியிருந்தது. டூவூம்பா உங்கள் மாநிலம். எல்லை மூடியதும் அனுமதி கேட்க வேண்டும் என்றார்கள். வைத்தியத்துக்கு என்றால் தருகிறார்கள். எதிர்வீட்டு மேவிஸுக்கு இரண்டே நாளில் வந்தது. நானும் ரெக்கும் உட்கார்ந்து பாதிப் படிவத்தை நிரப்பிவிட்டோம்.

அன்றுதான் பேப்பர் வந்தது.

"ஐரிஸ், இங்க வா. நம்ம நெவில் எழுதியிருக்கான்!" என்று கூப்பிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக எனக்குப் படித்துக் காட்டினார். "வாயத் தொறந்தா மூணு தடவ மன்னிப்புக் கேக்குற ஆளு. எப்படி எழுதியிருக்கான் பாரு." கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டினார். அது போதாதென்று இன்னொரு பிரதி வாங்கிக் கறிக்கடைக்குக் கொண்டுபோனார். அங்கே கடைக்காரன் கெவின் விடுவானா? "ஒம்ம மச்சான் அந்தப் பக்கம் ஒக்காந்துக்கிட்டு நல்லாத்தான் எழுதுவாரு. இந்தப் பக்கம் கெடந்து அல்லாடறது நாமதானே" என்றிருக்கிறான். "கோடு எந்தப் பக்கம் இருந்தாலும் அவன் இதத்தான் எழுதியிருப்பான்" என்று ரெக் அவனோடு சண்டை போட்டுவிட்டு, கறி வாங்காமலே வந்தார்.

வந்து மேசையில் இருந்த படிவத்தைப் பார்த்தார். மடித்தார். கணப்பில் போட்டார்.

"ஊரு முழுக்க அவன் பக்கம் பேசிட்டு வந்திருக்கேன். நானே போய் விதிவிலக்குக் கேட்டா நல்லாவா இருக்கும்?"

நான் கத்தினேன். அழுதேன். அவர் அசையவில்லை. தெற்கே, எங்கள் மாநிலத்து ஆர்மிடேலில் பதிவு செய்திருக்கிறோம். செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும்.

அந்த ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை காலையில் என்ன செய்தார் தெரியுமா? மழைமானியைப் பார்த்தார். ஜூலைக் கணக்கு நாற்பத்தொன்று. சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

ஐரிஸ்


வாலங்காரா
25 ஆகஸ்ட்

அன்புள்ள ஐரிஸ்,

நேற்று உன் கடிதம் கிடைத்தது. உடனே அழைத்தேன். ரெக்தான் எடுத்தான். நீ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய் என்றான். உன்னிடம் சொன்னானா தெரியவில்லை. அதனால் நாங்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"ரெக், வேற படிவம் வாங்கி இன்னைக்கே அனுப்பு. நான் எழுதினது உன்னப் பத்தி இல்ல."

"யாரப் பத்திடா?"

நான் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"மச்சான், நீ எழுதினதுல தப்பு ஏதாவது இருக்கா, சொல்லு. இருந்தா அனுப்பறேன்."

"இருக்கலாம். யோசிக்கணும்."

"யோசிச்சிட்டுச் சொல்லு. நான் எங்க ஓடிப்போகப் போறேன்?" என்று சிரித்தான். பிறகு இருமினான்; வைத்துவிட்டான்.

தப்பு என்று ஒரே வார்த்தையாக நான் சொல்லியிருக்க வேண்டும். பொய்யாக இருந்தாலும் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வினாடியில்கூட வரிகளை மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டு நின்றேன். இன்று காலை "தப்பு" என்று சொல்ல மறுபடி அழைத்தேன். "இப்ப யோசிச்சுச் சொல்றியா, பயந்து சொல்றியா?" என்று கேட்டான். அவனிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

நான் அங்கே வருவதற்கு அனுமதி கேட்டு ஒரு படிவம் நிரப்பினேன். நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, சகோதரன், சகோதரி. மனைவியின் அண்ணனுக்கு இடம் இல்லை. சகோதரன் என்று எழுதினால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று பேனாவை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். 'மற்றவை' என்ற இடத்தில் உள்ளதை எழுதினேன்.

நிராகரித்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நெவில்


டென்டர்ஃபீல்டு
17 செப்டம்பர்

அண்ணா,

நிராகரித்துவிட்டார்கள் என்று ரெக்கிடம் தொலைபேசியில் சொன்னாயாமே. சகோதரன் என்று எழுதியிருக்கலாம் நீ. முப்பத்தொரு வருடமாகத் தினமும் ஒரே வேலையைச் செய்கிறவர்களுக்கு வேறு என்ன பெயர்?

ஆர்மிடேலில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றும் செய்யாமல் அப்படியே மூடிவிட்டார்கள். ஆகஸ்டிலேயே செய்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சின்னப் பெண். "அதச் சொல்ல முடியாதும்மா" என்றாள். இருந்திருக்கும் என்றும் சொல்லவில்லை, இருந்திருக்காது என்றும் சொல்லவில்லை. அதனால் உன்னை முழுதாகத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். உன் ஊர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தெருவை மறித்துப் பிளாஸ்டிக் தடுப்பு வைத்திருக்கிறார்களே, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பக்கத்து ஜனங்களும் அங்கேதான் பார்த்துக்கொள்கிறார்கள். மேவிஸ் அவள் பேரனின் பிறந்தநாள் கேக்கை அந்தத் தடுப்பின் மேல் வைத்துத்தான் வெட்டினாள். அது விதிக்கு உட்பட்டதுதான், விசாரித்துவிட்டேன், நீ பயப்படாதே.

அக்டோபர் மூன்றாம் தேதி, ஞாயிறு. அதற்குள் காரில் உட்காரத் தெம்பு வந்துவிடும் என்கிறார். "பத்து மணிக்கு வரச் சொல்லு" என்றார். வருவதென்றால் பதில் எழுத வேண்டாம். தொலைபேசியில் உன் குரலைக் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ரெக்கும் இப்போது தொலைபேசியைத் தூக்குவதில்லை, மூச்சு வாங்குகிறது. வா, அவ்வளவுதான்.

ஐரிஸ்


வாலங்காரா
3 அக்டோபர், மாலை

அன்புள்ள ஐரிஸ்,

நீங்கள் வரவில்லை. அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்றிரவோடு உங்கள் மாநிலத்தில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள் என்பதை நான் மறக்கவில்லை. எங்கள் மாநிலம் தள்ளுவதில்லை. நீ எழுதிய கடிதம், அதனால் உன் பத்து மணி, அதாவது என் ஒன்பது மணி. இதைக் காகிதத்தில் எழுதிச் சரிபார்த்தேன். எட்டே முக்காலுக்கே மடக்கு நாற்காலியோடு போய்விட்டேன். முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக இன்று மழைமானியை எட்டரைக்குப் பார்த்தேன்.

கூட்டம் இருந்தது. உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "எங்க முதல்வரும் ஒங்க முதல்வரும் டிவியில சண்ட போட்டுக்கட்டும்யா. நடுவுல என் பேத்திக்கு என் மூஞ்சியே மறந்துபோச்சு" என்று சத்தம் போட்டார். எங்கள் பக்கத்து அம்மாள் ஒருத்தி விடவில்லை. "ஆஸ்பத்திரியில எடமில்லாம போனா அந்தப் பேத்திய எங்க கொண்டுபோய்ப் படுக்க வெப்பீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல." இருவரும் சம்பந்திகள் என்று பிறகு தெரிந்தது. சண்டை முடிந்ததும் அந்த அம்மாள் பிளாஸ்கிலிருந்து அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

ஒன்பது தாண்டியது. ஒன்பதரை ஆனது. பிறகு அதே அம்மாள் என்னைப் பார்த்து, "பேப்பர்ல எழுதினவர் நீங்கதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "நீங்களும் வந்து நிக்கிறீங்களா?" என்றாள். குத்திக் கேட்டாளா, அன்பாகக் கேட்டாளா, இன்னும் புரியவில்லை. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து இளம் போலீஸ்காரப் பெண் வந்து, "ஐயா, ஒங்க ஆளு வரலன்னா கொஞ்சம் எடம் விடுங்களேன். நெறைய பேரு காத்திருக்காங்க" என்றாள்.

நான் எழுந்துகொண்டேன். மணி ஒன்பது ஐம்பது. ரெக் மனம் மாறிவிட்டான், அல்லது நீ மாற்றிவிட்டாய் என்று நினைத்தேன். நினைத்ததும் அதுதான் நியாயம் என்று தோன்றியது.

ரெக்குக்குப் பிடித்த பச்சை ஆப்பிள் ஆறு கொண்டுவந்திருந்தேன். பையின் அடியில் செப்டம்பர் மழைக் கணக்கு. ஒருவேளை பிறகு வந்தால் என்று தடுப்பின் மேலேயே வைத்துவிட்டு வந்தேன். பெயர் எழுதவில்லை. எல்லோரும் படிப்பார்கள் என்று கூச்சமாக இருந்தது.

நெவில்


டென்டர்ஃபீல்டு
14 அக்டோபர்

அண்ணா,

ரெக் வெள்ளிக்கிழமை போய்விட்டார். அன்று தொலைபேசியில் உன்னிடம் இரண்டு வரி சொல்லிவிட்டு வைத்தேன். நீ ஏதோ சொல்ல வந்தாய்; கேட்கவில்லை. வராதவனிடம் என்ன பேச்சு என்று இருந்தேன். நேற்று அடக்கம். முடிந்து வீட்டுக்கு வந்தால் தபால் பெட்டியில் உன் மூன்றாம் தேதிக் கடிதம்.

அண்ணா, நாங்கள் வந்தோம். பத்து மணிக்கு வந்தோம். உன் பத்து மணிக்கு.

காலையில் நானும் உன்னைப் போலத்தான் சொன்னேன்: "ரெக், மணி ஒம்போதேகால் ஆச்சு, கெளம்பணும்." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டேகால்தான் ஆகுது. இன்னும் நேரம் கெடக்கு" என்றார்.

அந்தக் கைக்கடிகாரம் உனக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. நீ பார்த்தபோதெல்லாம் அது உனக்குச் சரியான நேரம்தான் காட்டியிருக்கும். முப்பத்தொரு வருடமாக அவர் அதைக் கோடைக்காலத்தில் தள்ளி வைத்ததே இல்லை. "நெவிலுக்கு ஒம்போதுன்னா எனக்கும் ஒம்போது. மழைக்கு எதுக்குடி ரெண்டு நேரம்?" என்பார். கோடை முழுக்கப் பல் டாக்டருக்கு ஒரு மணி தாமதம், சர்ச்சுக்கு ஒரு மணி தாமதம். அவர் தங்கை மகள் கல்யாணத்துக்கு... சரி, விடு. நீ வந்து நிற்கும் இடத்துக்கு அவர் வேறு எந்தப் பத்து மணியைச் சொல்வார்? எனக்குத்தான் இதை எழுதத் தோன்றவில்லை. உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இல்லை, நினைக்கக்கூட இல்லை. கோபத்தில் எழுதினேன், மடித்தேன், ஒட்டினேன்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்குத் தடுப்புக்கு வந்தோம், உன் கடிகாரப்படி. ஐந்து நிமிடம், அண்ணா.

ஜன்னலை இறக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் உன்னைப் பற்றிப் பேசியதையெல்லாம் இங்கே எழுதமாட்டேன். "சும்மா இரு ஐரிஸ். வரக் கூடாதுன்னு புதுசா ஏதாவது விதி போட்டிருப்பாங்க. இல்லேன்னா அவன் வராம இருக்க மாட்டான்" என்றார்.

தடுப்பின் மேல் ஒரு பை இருந்தது. நான் இறங்கிப்போய்ப் பார்த்தேன். பச்சை ஆப்பிள். அவர் மூன்று நாளாக ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. "நல்லா இருக்கு ரெக், ஒண்ணு நறுக்கித் தரட்டுமா?" என்றேன். "யாரோ மறந்து வெச்சிட்டுப் போயிருக்காங்க. அடுத்தவங்க பொருள், வெச்சிரு" என்றார்.

வைத்துவிட்டேன்.

எல்லை திறந்தாலும் உடனே வராதே. நான் சொல்லும்போது வா.

ஐரிஸ்


வாலங்காரா
16 டிசம்பர்

அன்புள்ள ஐரிஸ்,

திங்கட்கிழமை எல்லையைத் திறந்துவிட்டார்கள். கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. பிளாஸ்டிக் தடுப்புகளுக்குள் கனத்துக்காக நிரப்பியிருந்த தண்ணீரைத் திறந்துவிட்டு லாரியில் ஏற்றினார்கள். நான் நடைபாதையில் நின்று பார்த்தேன். நீ சொன்னபடி நான் வரவில்லை.

வார இதழ் ஆசிரியர் அழைத்தார். "மூடணும்னு எழுதினவர் நீங்க. தெறந்ததப் பத்தியும் நாலு வரி எழுதுங்களேன், ஜனங்க படிப்பாங்க" என்றார். முடியாது என்றேன். மன்னிப்புக் கேட்காமலே சொன்னேன். ரெக் இருந்தால் சிரித்திருப்பான்.

என் கடிதத்தை, பரீட்சைத் தாளைத் திருத்துவது போல, ஒவ்வொரு வரியாகத் திருத்திப் பார்த்துவிட்டேன். ரெக் கேட்ட கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லையே. எல்லையை மூடியதால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அதை உன்னிடம் மறைத்தால் நான் நேர்மையற்றவன் ஆவேன். ஆனால் கடைசி வரி தப்பு. விதிவிலக்கு கேட்காதவரே நல்லவர் என்று எழுதினேனே, அது தப்பு. அதை எழுதியபோது யாரையும் மனதில் நினைத்து எழுதவில்லை. யாராவது ஒருவரையாவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். "யாரப் பத்திடா?" என்று அவன் கேட்டான். அவனுக்குக் கொடுக்க வேண்டிய பதில் எனக்கு நான்கு மாதம் கழித்துக் கிடைத்திருக்கிறது.

ஒரு வாதத்தால் நான் என் வாழ்நாளில் மனம் மாற்றிய ஒரே ஆள் ரெக்தான்.

நவம்பரில் இங்கே இருநூற்று முப்பத்தொன்று. இவ்வளவு மழையை இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை. ஒப்பிட ஆள் இல்லாததால் எண்ணின் மேல் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

நெவில்


டென்டர்ஃபீல்டு
29 டிசம்பர்

அண்ணா,

இங்கே இருநூற்று நாற்பத்தாறு. உன் எண் சரியாகத்தான் இருக்கும், சந்தேகப்படாதே.

அவர் போன மறுநாளிலிருந்து நான்தான் பார்க்கிறேன். முதலில் எப்படிப் படிப்பது என்று தெரியவில்லை. கோட்டின் மேலேயா, கீழேயா என்று குனிந்து நின்றுகொண்டு அழுதேன். இப்போது பழகிவிட்டது. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டேன். எனக்குப் பெரிதாக இருக்கிறது. முழங்கை வரை ஓடுகிறது. அதில் ஒன்பது ஆனதும் வெளியே போவேன்.

பேப்பரில் வந்த உன் கடிதம் இன்னும் ஃபிரிட்ஜில்தான் ஒட்டியிருக்கிறது. எடுக்கப் போனேன். ஒட்டியது அவர் கை என்பதால் எடுக்க முடியவில்லை. நீ வந்தால் அதைப் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்துத்தான் ஆக வேண்டும். உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. என்னோடு சேர்ந்து அழ உன்னைத் தவிர வேறு ஆள் இல்லை, அது மட்டும் தெரியும்.

ஜனவரி ஒன்பதாம் தேதி, ஞாயிறு. ஆப்பிள் கொண்டுவா. பையில் பெயர் எழுது.

பத்து மணிக்கு வா. அவர் கடிகாரத்துப் பத்து மணிக்கு.

ஐரிஸ்